கையெழுத்தின் ஓட்டம்

அம்பத்தூர் கிளை ஒன்றில் போடப்படும் காசோலை, பணம் தரவேண்டிய கணக்கு பக்கத்து ஆவடியிலேயே இருந்தாலும், அங்கே போய்ச் சேர்வதில்லை. 2011 செப்டம்பர் 24 முதல் சென்னை வட்டாரத்தில் காசோலையின் படம்தான் பயணம் செய்கிறது; காகிதம் போட்ட இடத்திலேயே தங்கிவிடுகிறது. சிடிஎஸ் என்று வங்கிக்காரர்கள் சொல்லும் இந்த ஏற்பாட்டில் ஒரு காசோலைக்கு மூன்று படங்கள். முன்பக்கத்துக்குச் சாம்பல் சாயலோடு ஒன்று, அங்குலத்துக்கு 100 புள்ளி. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் வெறும் கறுப்பு வெள்ளையில் ஒவ்வொன்று, அங்குலத்துக்கு 200 புள்ளி. கையெழுத்து 2 அங்குல அகலம் என்று வைத்துக்கொண்டால், சாயலுள்ள படத்தில் அதன் முழு அகலமும் 200 புள்ளிக்குள் அடங்கிவிடும். பேனா எங்கே அழுந்தியது, எங்கே தயங்கியது, ஒன்றையொன்று வெட்டும் கோடுகளில் எது முந்தியது என்ற தடயங்கள் காகிதத்தோடு நின்றுவிடுகின்றன. பணம் தரவேண்டிய வங்கியின் ஊழியர் பார்ப்பது ஒரு நிழல். அந்த நிழலை, கணக்குத் தொடங்கிய நாளில் வாங்கி ஸ்கேன் செய்துவைத்த மாதிரிக் கையெழுத்து என்ற இன்னொரு நிழலோடு ஒப்பிட்டு அவர் முடிவெடுக்கிறார். அவகாசமும் சுருங்கிவிட்டது. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைப் படங்கள் பகலெல்லாம் தொடர்ச்சியாக அனுப்பப்படுகின்றன. பணம் தரும் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் பதில் சொல்லியாகவேண்டும், சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு.

கையெழுத்தைப் படமாக மட்டும் வைத்துப் பார்ப்பது வங்கிகள் காகிதக் காலத்தில் பழகிய பழக்கம். காகிதம் போன பிறகும் பழக்கம் போகவில்லை. உண்மையில் ஒருவருடைய கையெழுத்தில் அவருக்கே உரியதாக இருப்பது அதன் உருவம் அன்று. அந்த உருவம் பிறக்கும் இரண்டு மூன்று விநாடிகளில் கை ஓடும் ஓட்டம். அந்த ஓட்டத்தைப் பதிவுசெய்யும் கருவிகள் பல ஆண்டுகளாகவே உண்டு. அமெரிக்க வங்கிகளில் காரை விட்டு இறங்காமல் பணம் எடுக்கும் வரிசைகளில் அவற்றைக் கம்பியில்லாமல் கைக்குக் கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. சன்னலை ஒட்டிய முதல் வரிசைக்காரரிடம் ஊழியர் காகிதத்தை நீட்டிவிடலாம். தள்ளியிருக்கும் இரண்டாவது, மூன்றாவது வரிசைகளுக்கு எட்டாது. அதனால் அங்கே காற்றழுத்தக் குழாய் வைத்தார்கள்: உருளை டப்பாவுக்குள் சீட்டையும் பேனாவையும் போட்டால் அது கார் சன்னலுக்குப் பறந்து வரும், கையெழுத்தோடு திரும்பிப் போகும். கம்பியில்லாக் கையெழுத்துப் பலகை அந்தச் சீட்டின் வேலையை எடுத்துக்கொள்ள வந்தது.

திருவள்ளூர் நெடுஞ்சாலையில் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் மாலை நேரத்தில் நிற்கிற எவருக்கும், இங்கே வங்கிக்கென்று மூன்று கார் வரிசை போட இடம் தேடுவது வீண் வேலை என்று தெரியும். இருந்தாலும் அந்தக் கருவிக்கு இந்தப் பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறது. 2017 நவம்பர் 9 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, 70 வயதைக் கடந்தவர்களுக்கும் பார்வையற்றோர் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலிலேயே சில சேவைகளைத் தருமாறு வங்கிகளைக் கேட்டுக்கொண்டது: பணம் எடுத்துக் கொடுப்பது, பணமும் காசோலையும் வாங்கிப் போவது, ஆயுள் சான்று பெறுவது போன்றவை. 1965இல் விஜயந்தா டாங்கியை வெளியே விட்ட கனரக வாகனத் தொழிற்சாலையும், படையினருக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையும் இருக்கிற ஆவடியில், 1964இல் தொழிற்பேட்டை வந்த அம்பத்தூரில், ஓய்வூதியத்தை நம்பி வாழும் முதியவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அமெரிக்காவில் வாடிக்கையாளர் வண்டியில் வங்கிக்கு வருகிறார். இங்கே வங்கி வண்டியில் வாடிக்கையாளரிடம் போகவேண்டும். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: கவுண்ட்டருக்கு வெளியே, ஊழியரின் மேசைக்கு எட்டாத தூரத்தில் போடப்படும் கையெழுத்தை எப்படி நம்புவது?

முதலில் கையைப் பார்க்கலாம். பழகிய கையெழுத்தில் ஒரு வளைவுக்கோ சுழிக்கோ ஆகும் நேரம் ஏறத்தாழ விநாடியில் பத்தில் ஒரு பங்கு. கண் பார்த்து, மூளை பிழையை உணர்ந்து, கைக்குத் திருத்தம் அனுப்ப அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். அப்படியானால் கையெழுத்துப் போடும்போது கண் கையை நடத்துவதில்லை. கண் பார்ப்பதற்குள் அந்தச் சுழி முடிந்துவிடுகிறது. முழு ஓட்டமும் முன்கூட்டியே மூளையில் கட்டளைத் தொடராக அமைந்திருக்கிறது, கை அதை நிறைவேற்றுகிறது. காகிதத்தில் விரலை அசைத்துச் சிறிதாக எழுதினாலும் கரும்பலகையில் தோளை அசைத்துப் பெரிதாக எழுதினாலும் ஒருவருடைய எழுத்தின் சாயல் மாறாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே: தசைகள் மாறுகின்றன, கட்டளை மாறவில்லை. மொன்றியால் நகரப் பேராசிரியர் ரெழான் பிளாமொந்தோன் 1995இல் வெளியிட்ட கோட்பாடு இதைக் கணிதமாக்கியது. விரைவான ஒவ்வோர் அசைவிலும் பேனாவின் வேகம் சட்டென்று ஏறி, மெதுவாக இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் வளைகோடு லாக்நார்மல் என்ற வடிவத்தோடு பொருந்துகிறது என்று அவர் காட்டினார். அப்படிப்பட்ட பல அசைவுகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து தொடுத்ததே ஒரு கையெழுத்து.

கள்ளக் கையெழுத்துப் போடுபவரிடம் அந்தக் கட்டளைத் தொடர் இல்லை. அவரிடம் இருப்பது உருவம் மட்டும். அதனால் அவர் வரைகிறார். கண் பார்த்துப் பார்த்துக் கையைத் திருத்துகிறது. நாள் தவறாமல் வாசலில் சிக்குக் கோலம் போடுகிறவரின் கை புள்ளிகளைச் சுற்றி ஒரே இழுப்பில் போய்வரும். அதே கோலத்தைப் படத்தைப் பார்த்துப் போடுகிறவரின் இழை ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று நடுங்கும். முடிந்த பிறகு தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே கோலம். ஆவணத் தடய நிபுணர்கள் பூதக்கண்ணாடியில் தேடுவதும் இந்த நடுக்கத்தைத்தான்: தேவையில்லாத இடத்தில் பேனா எடுத்த தடம், மை தேங்கிய புள்ளி, மறுபடி தொட்டுத் திருத்திய கோடு. இந்தத் துறைக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. தடயவியலின் முன்னோடியான வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் 1849இல் சென்னையில் தொடங்கியது. அரசுக்கென்று தனிக் கையெழுத்து நிபுணர் 1904இல் வங்காளத்தில் அமர்த்தப்பட்டார். இந்த நிபுணர்கள் செய்வதைக் கவனித்தால், நின்றுபோன மையிலிருந்து ஓடிய கையை ஊகிப்பது என்று தெரியும். அதாவது அவர்களும் ஓட்டத்தையே தேடுகிறார்கள். காகிதம் அதை அரைகுறையாகச் சொல்கிறது, 200 புள்ளிப் படம் அதையும் சொல்வதில்லை. நிபுணர் கருத்தை மட்டும் நம்பித் தண்டிப்பது பாதுகாப்பானதன்று என்று உச்ச நீதிமன்றம் 1977இல் மகன் பிஹாரி லால் வழக்கில் எச்சரித்ததன் பின்னணியில் இந்த அரைகுறைத்தன்மையும் இருக்கிறது.

ஓடும்போதே பிடித்துவிட்டால் ஊகிக்க வேண்டியதில்லை. இந்த ஆசை பழையது. தொலைபேசிக் காப்புரிமையில் கிரஹாம் பெல்லிடம் தோற்ற எலிஷா கிரே, 1888இல் டெலாட்டோகிராஃப் என்ற கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். இந்த முனையில் பேனாவை அசைத்தால் அந்த அசைவு மின்சாரமாகக் கம்பியில் போய், அந்த முனையில் இன்னொரு பேனாவை அதே போல் அசைக்கும். இன்றைய கையெழுத்துப் பலகை அசைவை எண்களாக வாங்கிக்கொள்கிறது. நல்ல பலகைகளில் கண்ணாடிக்கு அடியில் கம்பிச் சுருள்களின் வலை இருக்கும். அது மின்காந்தப் புலத்தை எழுப்ப, பேனாவுக்குள் இருக்கும் சிறு சுருள் அதற்கு ஒத்ததிர்ந்து பதில் தரும். பேனாவுக்கு பேட்டரிகூட வேண்டாம். விநாடிக்கு 200 தடவை பேனா முனை எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுந்துகிறது என்று பலகை குறித்துக்கொள்ளும். 3 விநாடிக் கையெழுத்து 600 வரிகள் கொண்ட ஓர் அட்டவணையாகிவிடும். பேனா காற்றில் தூக்கி வைக்கப்படும் இடைவெளியும் அதில் உண்டு. கண்ணாடியை ஒட்டித் தாழப் பறந்தால் அதன் பாதையையும் சில பலகைகள் குறித்துக்கொள்கின்றன. இதைப் போலி செய்பவர் பார்த்திருக்கவே முடியாது, ஏனென்றால் அது எந்தக் காகிதத்திலும் விழுவதில்லை. கூரியர் பையன் நீட்டும் கைபேசியில் விரலால் கிறுக்குவதை இதனோடு சேர்த்து எண்ணக்கூடாது. அங்கே விரல் நுனியின் அகலமே கோட்டை மழுக்குகிறது, பெரும்பாலும் அழுத்தம் பதிவாவதில்லை, கடைசியில் சேமிக்கப்படுவதும் ஒரு படம். விரல் கையெழுத்தைச் சரிபார்ப்பதில் பேனாவைவிடக் கணிசமாகக் கூடுதல் பிழை நேர்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கம்பியில்லாமல் அனுப்பும்போது ஒரு நுணுக்கம் உண்டு. ப்ளூடூத், வைஃபை இரண்டிலும் தகவல் பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. ஒரு பொட்டலம் உடனே சேரும், அடுத்தது வழியில் சிக்கித் தாமதிக்கும், ஒன்று தொலைந்து மறுபடி அனுப்பப்படும். புள்ளி வந்து சேர்ந்த நேரத்தைக் கணினி குறித்துக்கொண்டால், கையின் ஓட்டத்தோடு அலைவரிசையின் தடுமாற்றமும் கலந்துவிடும். நல்ல கையெழுத்து நடுங்கியதாகத் தெரியும். பலகைக்குள்ளேயே கடிகாரம் இருந்து, ஒவ்வொரு புள்ளிக்கும் அங்கேயே நேரமுத்திரை குத்தி அனுப்பினால், பொட்டலம் எப்போது வந்தாலும் கவலையில்லை. விலைப்பட்டியலில் இந்த வேறுபாடு எங்கேயும் தெரியாது. வாங்குபவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சேர்ந்த அட்டவணையை மாதிரியோடு எப்படி ஒப்பிடுவது? ஒரே ஆள் இருமுறை போடும் கையெழுத்து ஒரே நேரத்தில் முடியாது. இன்று முதலெழுத்தில் சற்று இழுத்தால் நாளை கடைசிச் சுழியில் இழுப்பார். அதனால் கால அளவை அங்கங்கே நெகிழ்த்தி, ஒன்றின் வளைவு மற்றதன் அதே வளைவோடு ஒட்டும்படி சீராக்கிய பிறகே வேறுபாட்டை அளக்கிறார்கள். பேச்சை அடையாளம் காண உருவான கணக்கு இது, கையெழுத்துக்கும் பொருந்தியது. 2004இல் நடந்த முதல் பன்னாட்டுக் கையெழுத்துச் சரிபார்ப்புப் போட்டியில் இந்த முறையோடு வந்த துருக்கியின் சபான்ஜி பல்கலைக்கழக அணி முதலிடம் பெற்றது. போலி செய்தவர்களுக்கு அங்கே பெரிய சலுகை கொடுத்திருந்தார்கள்: அசல் கையெழுத்து எழுதப்படும் விதத்தைத் திரையில் ஓட்டிப் பார்த்துப் பயிற்சி செய்யலாம். வங்கியை ஏமாற்ற நினைப்பவருக்கு வழக்கமாக அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. அப்படியிருந்தும் வென்ற அணியின் சராசரிப் பிழை 2.84 சதவீதம். அதாவது உண்மையை மறுப்பதும் பொய்யை ஏற்பதும் சமமாகும் இடத்தில் எல்லையை வைத்தால், இரண்டும் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. இன்னொரு செய்தி எனக்கு அதைவிடச் சுவையானது. போட்டியில் இரண்டு பிரிவுகள்: ஒன்றில் பேனாவின் இடமும் நேரமும் மட்டும், மற்றதில் அழுத்தமும் சாய்வும் சேர்த்து. கூடுதல் தகவல் கிடைத்த பிரிவிலும் சிறந்த பிழை 2.89 சதவீதமாகவே இருந்தது. அழுத்தம் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்ற பொதுவான எண்ணத்தை இது கொஞ்சம் தளர்த்துகிறது. வேலையின் பெரும்பகுதியைச் செய்வது இடமும் நேரமும், அதாவது ஓட்டம். தனியுரிமைக்காகப் பங்கேற்றவர்கள் தங்கள் சொந்தக் கையெழுத்தைப் போடாமல், புதிதாக ஒன்றை உருவாக்கிப் பழகிப் போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பல்லாண்டுகள் கையில் ஊறிய கையெழுத்து இன்னும் நிலையாக இருக்கும் என்றே எதிர்பார்க்கலாம்.

நூற்றுக்கு மூன்று என்பது காகிதத்தில் சின்ன எண். மாதத் தொடக்கத்தில் ஓய்வூதியம் எடுக்க ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டால், தங்கள் சொந்தப் பணத்துக்காக வந்த 28 பேரை இயந்திரம் நம்பாது. அந்த 28 பேரில் யார் இருப்பார்கள் என்றும் ஊகிக்கலாம்: கை நடுங்குபவர், பக்கவாதத்தில் ஒரு பக்கம் தளர்ந்தவர், பார்க்கின்சன் நோயில் எழுத்து வரவரச் சிறுத்துப்போகிறவர். முதியவர்களுக்கென்று கருவியைக் கொண்டுபோய் முதியவர்களையே திருப்பி அனுப்புவதா என்ற ஆட்சேபணை நியாயமானது. இதற்குப் பதில் எல்லையை யார், எங்கே வைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. சமப் பிழை எல்லை ஆய்வாளர்களின் வசதிக்கானது. வங்கி அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2,000 ரூபாய் எடுப்பதற்கு எல்லையைத் தளர்த்தலாம், வைப்புத்தொகையை முடிப்பதற்கு இறுக்கலாம். இயந்திரம் சந்தேகப்பட்டால் பணம் மறுக்கப்படக்கூடாது. ஓர் ஊழியர் இரண்டு கேள்வி கேட்கவேண்டும், அவ்வளவே. அதோடு நோய் நடுக்கமும் போலியின் தயக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. நோயின் நடுக்கத்துக்கு ஒரு சீரான அதிர்வெண் உண்டு, அது கையெழுத்து முழுக்கப் படர்ந்திருக்கும். போலி தயங்குவது கடினமான வளைவுகளில். படத்தில் இரண்டும் கோணல் கோடுதான். மாதந்தோறும் மாதிரியைப் புதுப்பித்துக்கொண்டே போனால், பத்து ஆண்டில் மெல்ல மாறிய கையைக் கருவி கூடவே தொடர்ந்து வந்திருக்கும். கணக்குத் தொடங்கிய நாளின் மாதிரி அட்டையோடு 78 வயதுக்காரரின் கையை ஒப்பிடும் இன்றைய முறையில், தன் கணக்குக்குத் தானே அந்நியராவது அவர்தான்.

இதுவரை சொன்னது யார் என்ற கேள்வி. எதற்கு என்ற கேள்வியைக் கருவி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. காகிதத்தில் தொகையும் கையெழுத்தும் ஒரே தாளில் ஒட்டியிருந்தன. தொகையைத் திருத்தினால் தடம் தெரியும். பலகையில் வாடிக்கையாளர் பார்ப்பது ஒரு வெற்றுக் கட்டம். அவர் போட்ட ஓட்டம் 5,000 ரூபாய்ச் சீட்டோடு சேர்க்கப்பட்டதா, 50,000 ரூபாய்ச் சீட்டோடு சேர்க்கப்பட்டதா? அதைவிட மோசமானது ஒன்று: அந்த 600 வரி அட்டவணை யாரிடமாவது சிக்கினால், தயக்கமே இல்லாத கள்ளக் கையெழுத்தைத் தேவையான போதெல்லாம் ஓட்டிக் காட்டலாம். வங்கிக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது. கனரா வங்கிக்கும் கனரா சேல்ஸ் கார்ப்பரேஷனுக்கும் நடந்த வழக்கில் 1987இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: நிறுவனத்தின் கணக்காளரே 42 காசோலைகளில் கள்ளக் கையெழுத்துப் போட்டிருந்தும், பல ஆண்டு பாஸ்புக்கைக் கவனிக்காத வாடிக்கையாளரைக் குறைசொல்லி வங்கி தப்ப முடியவில்லை. கள்ளக் கையெழுத்துள்ள காசோலை கட்டளையே இல்லை, அதற்குக் கொடுத்த பணம் வங்கியின் நஷ்டம். ஆகவே பலகை தொகையையும் கணக்கின் கடைசி இலக்கங்களையும் தன் திரையில் தமிழில், பெரிய எழுத்தில் காட்டவேண்டும். கையெழுத்து முடிந்த அந்தக் கணத்தில் தொகை, கணக்கு, தேதி, ஓட்டம் அனைத்தையும் சேர்த்து ஒரே ஹாஷ் எண்ணாகச் சுருக்கி, கருவிக்குள் பூட்டிய சாவியால் முத்திரையிடவேண்டும். ஒரு ரூபாயை மாற்றினாலும் முத்திரை உடையும். வெளியே போகும் எதுவும் கருவிக்குள்ளேயே மறையாக்கப்பட்டிருந்தால், தெருவில் நின்று அலைவரிசையை ஒட்டுக்கேட்பவருக்குக் கிடைப்பது வெறும் இரைச்சல். கார்டு தேய்க்கும் கருவியில் நான்கு இலக்க ரகசிய எண்ணுக்கு நாம் இந்தப் பாதுகாப்பை ஏற்கெனவே கேட்கிறோம். அந்த எண்ணையாவது எளிதில் மாற்றிக்கொள்ளலாம்.

யூபிஐ வந்து பத்தாண்டாகிவிட்டது, இனிக் கையெழுத்தை யார் கேட்கிறார்கள் என்று கேட்கலாம். காய்கறிக்கடைக்கு அது சரி. லாக்கர் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி 2021இல் விதி வகுத்ததும், முத்திரைத்தாளோடு மக்கள் கிளைகளில் நின்று கையெழுத்திட வேண்டியிருந்தது. வைப்புத்தொகை, வாரிசு நியமனம், ஜாமீன், கடன் என்று பெரிய முடிவுகளெல்லாம் இன்னும் கையெழுத்தில்தான் நிற்கின்றன. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளின் விவரத்தை முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்கும் ஏற்பாட்டை 2021 ஜனவரி 1 முதல் கொண்டுவந்ததே, கையெழுத்துப் படத்தை மட்டும் நம்ப முடியவில்லை என்பதற்கு ஒரு வகை ஒப்புதல். ஓடிபி எண்ணோ, கைபேசி யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் காட்டுகிறது. தொலைபேசியில் இனிக்கப் பேசி அதை வாயால் சொல்லவைத்துவிடலாம். கையெழுத்தின் ஓட்டத்தைத் தொலைபேசியில் சொல்ல எவராலும் முடியாது. மிரட்டி வாங்கலாம் என்பது உண்மை. அந்த ஓட்டை காகிதத்திலும் இருந்தது, எந்தக் கருவியும் அதை அடைக்காது.

கைரேகை இருக்கும்போது இது எதற்கு என்பது வலுவான கேள்வி. ஆதாரை ஒட்டிய கைரேகைக் கருவியோடு வங்கி முகவர்கள் ஏற்கெனவே வீடுகளுக்குப் போகிறார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவருக்கு அது பெரிய வசதி, அதைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டு லேத்தில் நின்றவரின் விரல் நுனியில் ரேகை தேய்ந்திருக்கும்; முதுமையில் தோல் வறண்டு மெலிவதும் சேர்ந்தால் கருவி பலமுறை மறுக்கும். இன்னொன்று, கைரேகை நாம் தொட்ட இடமெல்லாம் தங்கிவிடுகிறது. 2018இல் தெலங்கானாவில் பத்திரப்பதிவு ஆவணங்களிலிருந்த ரேகைகளை எடுத்து ரப்பர் முத்திரையாக்கி சிம் கார்டுகளை உயிர்ப்பித்த மோசடி பிடிபட்டது. திருடப்பட்ட ரேகைக்கு மாற்று ரேகை முளைக்காது. திருடப்பட்ட கையெழுத்தை விட்டுவிட்டு வேறொன்றைப் பழகிக்கொள்ளலாம், சில வாரச் சிரமத்தோடு. அதைவிட முக்கியமாக நான் கருதுவது, தூங்குபவரின் விரலையும் கருவியில் வைத்துவிடலாம் என்பது. கையெழுத்து விழித்திருந்து செய்யவேண்டிய செயல்.

சட்டம் இதற்கு இடம் தருமா? 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இலக்கமுறைக் கையொப்பம் என்று ஏற்பது சாவி இணைகளால் ஆன மறைகுறிக் கணக்கை. 2008 திருத்தம் மின்னணுக் கையொப்பம் என்று பரப்பை விரித்தபோதும், பலகையில் கையால் எழுதுவதைத் தனி வகையாக அட்டவணையில் சேர்க்கவில்லை. அதனால் பலகையில் போட்டது காகிதக் கையெழுத்துக்குத் தானாகவே சமமாகிவிடாது. இது தடை என்பதைவிட, கருவி எப்படி இருக்கவேண்டும் என்பதற்கான குறிப்பு. கருவிக்குள் முத்திரையிடும் சாவி சட்டம் கேட்கும் முறையில் அமைந்தால், ஓட்டம் அந்த முத்திரைக்குள் சாட்சியமாகப் பயணிக்கும். செலாவணி முறிச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் மின்னணுக் காசோலையை விளக்கும் இடத்தில், 2002 திருத்தம் உயிரளவைக் கையொப்பம் என்ற சொல்லைப் போகிறபோக்கில் சேர்த்தே வைத்திருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டமோ மின்னணு ஆவணத்தோடு தரவேண்டிய சான்றிதழில் ஹாஷ் எண்ணையே கேட்கிறது. கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அதிகாரம் நீதிபதிக்குப் பழைய சட்டத்திலிருந்தே உண்டு. அவர் முன் இரண்டு படங்களுக்குப் பதில் இரண்டு ஓட்டங்களை வைக்க முடியும் என்பதே புதியது.

பூவிருந்தவல்லியைப் பற்றிச் சொல்லாமல் இந்த வாதம் நிறைவு பெறாது. பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும் தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கே இருக்கின்றன. பார்வையில்லாத வாடிக்கையாளருக்குக் காசோலைப் புத்தகம் உட்பட எந்த வசதியையும் மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூன் 4 அன்றே வங்கிகளுக்கு எழுதியது. இருந்தும் அவர்களை நோக்கிக் கைநாட்டுக்கான மைப்பெட்டி நகர்த்தப்படும் வழக்கத்துக்குக் காரணம், அவர்களுடைய கையெழுத்து கோட்டுக்கு மேலே ஏறும், சாயும், ஒரு நாளைப் போல் இன்னொரு நாள் அளவு இருக்காது என்ற அச்சம். படத்தை அளந்தால் அந்த அச்சம் சரி. கண் நடத்தாத கை என்று மேலே சொன்னதை நினைத்தால் வேறு விடை வருகிறது: ஏறுவதும் சாய்வதும் கண்ணின் வேலையில் நேர்ந்த குறை, ஓட்டத்தின் வரிசையும் தாளமும் அதே கட்டளைத் தொடரிலிருந்து வருபவை. சாய்வையும் அளவையும் கணக்கில் நீக்கிவிட்டு ஓட்டத்தை மட்டும் ஒப்பிடுவது கருவிக்கு எளிது. கையெழுத்துக் கட்டத்தைச் சுற்றி விரலுக்குத் தட்டுப்படும் விளிம்பு ஒன்றும், தொகையைப் படித்துச் சொல்லும் குரலும் இருந்தால், மைப்பெட்டியை உள்ளே வைத்துவிடலாம்.

கைநாட்டுக்கும் கால்விரல் நாட்டுக்கும் இன்றைய விதி, வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி ஊழியராக இருக்கவேண்டும் என்கிறது. வீட்டுக்கு வரும் முகவர் வங்கியின் ஊழியரே இல்லாமல் ஒப்பந்த ஆளாக இருக்கும்போது, அவருடைய சொல்லை மட்டும் நம்பும்படி முதியவரை விடுவது சரியில்லை. முகவருக்கும் அது ஆபத்து. இருவருக்கும் இடையே முத்திரையிட்ட ஒரு பதிவு இருப்பது இருவருக்கும் காப்பு. தொடங்குவதற்கு வேண்டியது மாதிரிகள். ஒவ்வொருவரிடமும் ஐந்தாறு கையெழுத்தாவது, முடிந்தால் வெவ்வேறு நாள்களில், பேனாவும் பலகையும் கொண்டு வாங்கவேண்டும். பழைய அட்டையை ஸ்கேன் செய்து இதைத் தயாரிக்க வழியில்லை. அதற்கு ஒரு பருவம் தானாகவே அமைந்திருக்கிறது. நவம்பர் மாதத்தில் மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆயுள் சான்று தரவேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். 2014 நவம்பரில் வந்த ஜீவன் பிரமான் அதைக் கைரேகையாலோ முகத்தாலோ வீட்டிலிருந்தே முடிக்க வழிசெய்தது, ஆனாலும் ஆவடிக் கிளைகளுக்கு நேரில் வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அந்த வரிசையில் ஒரு மேசையைப் போட்டு, ஆயுள் சான்று கொடுத்தவரை உட்காரவைத்து, இரண்டு கையெழுத்து அன்றைக்கு, மீதியை அடுத்த மாதங்களில் பணம் எடுக்க வரும்போது என்று வாங்கத் தொடங்கினால், ஒரு வருடத்தில் வீட்டு வாசலுக்குப் பலகையை எடுத்துப் போகும் அளவுக்கு மாதிரிகள் சேர்ந்திருக்கும்.